சாய அழுக்கு

எங்கள் சுகாதார நிலையத்தில் அவளுக்கு விரல்குத்தி என்று பெயர். காய்ச்சலோடு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவளிடம்தான் விரலை நீட்ட வேண்டும். குத்துவதே தெரியாது. குத்தி, பிதுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, அடுத்த ஆளையும் கூப்பிட்டிருப்பாள். முதல் ஆள் இன்னும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருப்பான். கண்ணைத் திறய்யா, இந்நேரம் பிரசவமே முடிந்திருக்கும் என்பாள். நான் பக்கத்து அறையில் மாத்திரை கொடுக்கிறவன். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா.

தையல்காரரின் மகள். அப்பாவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தவள். அந்தக் கண்ணோடுதான் இருபத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தாள். மலேரியாக் கிருமி சும்மா கண்ணில் படாது. காய்ந்த ரத்தத்துக்குச் சாயம் ஏற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் நூறு இடம் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு மூலையில் நீல நிறத்தில் மெல்லிய வளையம், அதில் கல் வைத்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான் கிருமி. மற்றவர்கள் அதை இருபது நிமிடம் தேடுவார்கள். அக்கா தேடியதை நான் பார்த்ததே இல்லை. அதுவே அவளிடம் வந்து ஆஜராகிவிடும்.

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. கோபத்தைக் காட்டமாட்டாள், சேர்த்து வைப்பாள். வாசலில் இருந்த டீக்கடைக்காரர் ஒருமுறை ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இது போதும் என்று சிரித்தார். அன்றிலிருந்து பதினோரு வருடம் அவள் அந்தக் கடையில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கடைக்காரர் இறந்து, மகன் உட்கார்ந்த பிறகும் குடிக்கவில்லை. மகன் என்ன செய்தான் என்று கேட்டேன். ஆடு பகை குட்டி உறவா என்றாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் சிவப்பு மை வாயைக் கொடுத்தார்.

சிவப்பு மை என்பது மாவட்ட அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் சரிபார்ப்பு அதிகாரி. நாங்கள் பார்த்த தகடுகளில் பத்தை எடுத்துத் திரும்பப் பார்ப்பார். சரி என்றால் பதிவேட்டில் சின்னதாக ஒரு டிக். தப்பு என்றால் சிவப்பு மையில் ஓரம் முழுக்க எழுதுவார். ஒரு தகட்டை அவர் பார்க்கிற நேரம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம். எனக்கும் அவரிடம் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. மாத்திரை சாப்பிட்டு முடித்த பிறகும் யாருக்காவது காய்ச்சல் திரும்பினால், மருந்தாளுநரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவார். நான் என் கண் முன்னால் விழுங்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறவன். மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்காமல் போயிருக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மருந்துக்கு வாய் இல்லை, உனக்கு இருக்கிறது என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு என் பணிப்பதிவேட்டைக் காட்டினால் போதும்.

அக்காவின் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வேலை பார்த்தார். எனக்கு மாமா. காட்டோரமாக இரண்டு வாரம் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு வந்தார். தகட்டில் கிருமி மொய்த்துக் கிடந்தது. மூன்று நாள் மருந்து. என் கையால் கொடுத்தேன், நாக்கைத் தூக்கச் சொன்னேன். போலீஸ்காரன் மாதிரி சந்தேகப்படுறியேடா என்று சிரித்துக்கொண்டே நாக்கைத் தூக்கிக் காட்டினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார், வார்டில் இருந்த எல்லோரையும் கிண்டல் செய்தார்.

மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் பார்ப்பது விதி. அன்று காலை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அக்கா வார்டுக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். மாமாவின் தகட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வளையங்கள் இன்னும் இருந்தன. குறைவாகத்தான், ஆனால் இருந்தன. மூன்று நாள் மருந்துக்குப் பிறகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்கு ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கென்று சிவப்பு மை வந்திருந்தார். அடுத்த கட்ட ஊசி மருந்தைத் தொடங்க அவர் கையெழுத்து வேண்டும். அக்கா தகட்டைக் கொண்டுபோய் வைத்தாள். கொட்டாவி நேரம் பார்த்தார். சாய அழுக்கு என்றார். இல்லை சார், அழுக்கில் வளையம் இருக்காது, இதில் வளையமும் புள்ளியும் சேர்ந்து இருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள் என்று அவள் கேட்டாள். கேட்டாள் என்று நான் எழுதுகிறேன், கெஞ்சினாள். அவர் வார்டுப் பக்கம் கையைக் காட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏம்மா, கட்டின புருஷன்னா தூசிகூட கிருமியாத்தான் தெரியும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது தகடு எடுக்கவா என்றதற்கு, கெட்டிக்காரத்தனம் வேண்டாம் என்றார். பதிவேட்டில் 4417 என்ற எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினார்: சாய அழுக்கு. கிருமி இல்லை. வேலைக்குப் போகலாம். மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டார். தோண்டும் வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவரே சொல்லிவிட்டார், நீ என்னைக் கட்டிலோடு கட்டிப்போடப் பார்க்கிறாயா என்று அக்காவின் தோளில் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

ஒன்பதாம் நாள் அதே வண்டியில் கொண்டுவந்தார்கள். சிறுநீர் பால் விடாத கட்டன் காப்பி நிறத்தில் போயிருந்தது, நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, அக்காவின் மடியில் உயிர் போனது.

அவளுடைய மாமியார் அன்று வந்தவர்கள் காதில் எல்லாம் விழும்படி ஒன்று சொன்னார். ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்தவள், கட்டினவன் ரத்தத்தைக் கோட்டை விட்டுவிட்டாளே என்றார். அடுத்த மாதம் சிவப்பு மை, தன் பக்கம் யாரும் விரலை நீட்டிவிடக் கூடாது என்று, அவள் பணிப்பதிவேட்டிலும் ஒரு வரி ஏற்றினார்: சாய அழுக்கையும் கிருமியையும் பிரித்தறியும் திறன் குறைவு. அந்த ஒரு வரிக்காக அவளை மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். பதினேழு வருடம் நுண்ணோக்கி பார்த்தவள், காலேஜ் முடித்து வந்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, வளையம் என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன என்று நோட்டில் வரைந்தாள்.

அங்கேதான் அவளுக்கு ஆயுதம் கிடைத்தது. பாடம் நடத்தியவர் கடைசி நாளில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாராம். கிருமிக்குள்ளும் மரபணு இருக்கிறது, அது ஒரு நீண்ட எழுத்து வரிசை. சில இடங்களில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் மாத்திரை அந்தக் கிருமியை முன்போலக் கொல்லாது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள், அதை மருந்து எதிர்ப்புக் குறி என்கிறார்கள். காய்ந்த ரத்தத்தில்கூட அந்த எழுத்து அழியாது, சாயம் ஏற்றிய பழைய தகட்டிலிருந்தும் எடுக்கலாம்.

அக்கா பயிற்சியிலிருந்து வந்து என்னிடம் 4417 தன்னிடம் இருக்கிறது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரிபார்த்த தகடுகளைச் சோப்பு நீரில் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். அதையும் கழுவியதாகத்தான் பதிவேடு சொன்னது. இவள் வேறொரு தகட்டைக் கழுவி எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டு, அதை மாமா வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியின் கூட்டில் பத்திரப்படுத்தியிருந்தாள். ஈரம் ஏறாமல் இருக்கச் செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய சின்னச் சின்னப் பொட்டலங்கள் கூடவே இருந்தன. மழைக்காலம் வந்தால் பொட்டலம் மாறும். ஒன்பது வருடம் மாற்றினாள். அவள் மகள் பள்ளி முடித்தாள், கல்லூரிக்குப் போனாள். சிவப்பு மை படிப்படியாக உயர்ந்து மாவட்டத்துக்கே பெரியவர் ஆனார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். பூமியை யார் கேட்டது, அந்த ஆள் நாற்காலியைவிட்டு இறங்கினால் போதும் என்றாள்.

ஒன்பதாம் வருடம் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வேனில் வந்தாள். வயதில் அக்காவின் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். இந்தப் பக்கத்தில் மருந்துக்குக் கேட்காத கிருமி எப்போது முளைத்தது என்று பார்க்க வேண்டும், பழைய ரத்தம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று நிலையம் நிலையமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லா இடத்திலும் கழுவிவிட்டார்கள். அக்கா கூட்டைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் தகட்டைத் தொடுவதற்கு முன் கையுறை மாட்டிக்கொண்டாள்.

ஆனால் ஒரு சிக்கல். எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் தகட்டில் இருக்கும் ரத்தத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே சொட்டு, ஒரே தடவை. குறி இல்லையென்று வந்துவிட்டால் அக்காவின் கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடி. மாமாவின் உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் இருந்ததும் அதுதான். நான் வேண்டாம் என்றேன். கையில் இருக்கிற சாட்சியை யாராவது சுரண்டிக் கொடுப்பார்களா, நேராக ஒரு பெரிய டாக்டரிடம் கொண்டுபோய் நுண்ணோக்கியில் காட்டுவோம் என்றேன். அக்கா மூன்று நாள் யோசித்தாள்.

"கண்ணால பாத்துதானே அழுக்குன்னு சொன்னாரு," என்றாள். "எழுத்தை அழுக்குன்னு சொல்லட்டும், பாப்போம்."

சுரண்டுவதற்கு முன்னால் நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்துக்கொள்ளவா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், சாயம் வெளுத்துவிட்டது, ஒன்றும் தெரியாது என்றாள் அக்கா. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். அறிக்கையில் தகட்டின் எண்ணும் தேதியும் வர வேண்டும். பிளேடு கண்ணாடியில் கிறீச்சிட்டபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மாமா சாப்பிட்டது இரண்டு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. இரண்டுக்குமே எதிர்ப்புக் குறி இருந்தது. இந்த வட்டாரத்தில் இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழையது. அக்கா தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள், பிறகு வாங்கித் தானும் படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். உடனே போய்ச் சிவப்பு மையின் மேசையில் அடிப்போம் என்று நான் குதித்தேன். சும்மா இரு, அவர் வாயாலேயே வரும் என்றாள்.

வந்தது. கண்டுபிடிப்பைப் பற்றி மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள், மேலதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சிவப்பு மை மைக்கைப் பிடித்தார். அந்தத் தகட்டை அன்றே தான் நேரில் பரிசோதித்ததாகவும், அப்போதே சந்தேகம் தட்டியதாகவும், கழுவாமல் பத்திரப்படுத்தச் சொன்னதே தான்தான் என்றும் சொன்னார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை யார் புரட்டப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். இல்லை, தான் எழுதியதே மறந்துபோயிருக்கும், காயம்பட்டவனுக்குத்தானே ஞாபகம். கூட்டம் கைதட்டியது. அக்காவும் தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவள் வாய்க்குள் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் அவர் கையெழுத்திட்ட அறிக்கையையும், பதிவேட்டின் 4417-ஆம் வரியையும் நகலெடுத்து, புகார் மனுவோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். மூன்று டாக்டர்கள் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், சிவப்பு மை அக்காவின் வீட்டுக்கு வந்தார். நான் மின்விசிறி மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன், ஏணியில் நின்றேன். ஆள் பாதியாகியிருந்தார். ஓய்வுக்கு ஏழு மாதம்தான் இருந்தது. மேடையில் சொன்னது பொய்தான், அதற்கு என்ன தண்டனையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பிறகு, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டு, மெல்லக் கேட்டார்.

"ஆனா அன்னிக்கு அந்தத் தகட்டுல அழுக்கு இருந்துச்சு. நான் பாத்தது அழுக்கைத்தான். அது உங்களுக்கும் தெரியும். அதை மட்டும் சொல்லுங்கம்மா. வேணும்னே ஒரு உயிரைப் போக விட்டேன்னு பேர் வேண்டாம்."

இதுவரை நான் ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் சொன்னது உண்மை. சாயத்தைத் தினமும் வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தங்கிய பொடி தகட்டில் ஒட்டிக்கொண்டு ஊதாப் பொட்டுகளாகத் தெரியும். அன்று காலை அக்கா வடிகட்டவில்லை. வடிகட்டவில்லையா என்று நானே கேட்டேன். நேரமில்லை தம்பி, வெளியே கூட்டத்தைப் பார் என்றாள். தகட்டில் கிருமியும் இருந்தது, அழுக்கும் இருந்தது. அவள் கண்ணுக்குக் கிருமி தெரிந்தது. அவர் கண்ணுக்கு அழுக்கு தெரிந்தது. படம் எடுக்க வேண்டாம் என்று அவள் ஏன் சொன்னாள் என்பது ஏணியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சாயத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல இனி தகடு இல்லை. இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா அவர் எதிரே வந்து நின்றாள்.

"நானும் அன்னிக்கு உங்ககிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல," என்றாள். "இன்னொரு தடவை பாருங்கன்னுதான் கேட்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்."

அவர் தலையைக் குனிந்தபடி எழுந்து போனார். அக்கா அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டாள்.

விசாரணை அறையில் நீளமான மேசை, மூன்று டாக்டர்கள், ஓரத்தில் சிவப்பு மை. நேரம் அதிகம் ஆகவில்லை. மேடைப் பேச்சு பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். மிஞ்சியது ஒரே கேள்வி. தகட்டில் சாய அழுக்கு இருந்து அவர் ஏமாந்திருந்தால் அது தவறு, ஒரு கண்டிப்போடு வீட்டுக்குப் போகலாம். தகடு சுத்தமாக இருந்தும் பார்க்காமல் எழுதியிருந்தால் அது அலட்சியத்தால் போன உயிர், வேலையைவிட்டு நீக்க வேண்டும். நடுவில் இருந்த பெண் டாக்டர் அக்காவைக் கேட்டார், அன்று சாயம் வடிகட்டப்பட்டிருந்ததா என்று.

"வடிகட்டினேன் டாக்டர்," என்றாள் அக்கா. கண் இமைக்கவில்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன் என்று பதிவேட்டில் இருந்தது. அக்கா என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை, இப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு மை மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை, கோபம்கூட இல்லை. என்னிடம் மாத்திரை வாங்க நிற்கிற காய்ச்சல்காரன் பார்வைதான் இருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வந்தது, அதை மறைப்பானேன். அப்போது மாமா நாக்கைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது. மருந்தாளுநரின் கவனக்குறைவு, மருந்தாளுநரின் கவனக்குறைவு என்று எழுதிய அத்தனை வரிகளும் ஞாபகம் வந்தன. மருந்துக்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது.

"வடிகட்டினாங்க," என்றேன். "நான் பாத்தேன்."

சாயங்காலமே அவரை வேலையைவிட்டு நீக்கி உத்தரவு எழுதிவிட்டார்கள். படிக்கட்டில் இறங்கியபோது எங்களுக்கு முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தார். பையைத் தூக்கக்கூட ஆள் இல்லை. கடைசிப் படியில் கொஞ்சம் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் அவர் மனைவி வந்திருந்தார். அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம்னு தோணுதா உனக்கு?" என்றாள் அக்கா.

கொஞ்சம் தோன்றத்தான் செய்கிறது என்றேன்.

"எனக்குத் தோணல," என்றாள். "அவரு வீட்டுக்குத்தானே போறாரு."